ஏசிக் கூண்டில் மோர் மிளகாய்

குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் குடியிருக்கும் குழல்வாய்மொழி அக்கா "சரி" என்று சொன்னால் ஒத்துக்கொண்டார் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன செய்வது என்பதை அவர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்துகொள்வார்.

இது தெரியாமல் அந்த வீட்டு மாடி ஏசிக்குப் பின்னால் ஒரு கோடை முழுக்க அலைந்தவன் நான். பெயர் பிரின்ஸ். தென்காசியில் ஏசி மெக்கானிக். பல வருஷம் தோஹாவில் வேலை பார்த்தவன். அங்கே பாலைவன வெயிலில் கொதிக்கிற மொட்டைமாடிகளில் ஏறி இறங்கியும் ஒரு மெஷினிடம் நான் தோற்றதில்லை. இங்கே வந்து ஒரு சொளவு மிளகாயிடம் தோற்றேன். முறத்தை எங்கள் பக்கம் சொளவு என்போம்.

சித்திரை பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. எடுத்ததும் ஒரே பல்லவிதான். "மாடியில ஏசி குளிரல, கேஸ் போயிருக்கும், வந்து போட்டுட்டுப் போ." இந்த ஊரில் பிறந்த குழந்தைகூட ஏசியைப் பார்த்து கேஸ் போயிற்று என்றுதான் சொல்லும். கேஸ் என்ன சோடாவா, திறந்ததும் போவதற்கு? மேல் தளத்து அறை என்றால் அதன் தலைமேல் இருக்கும் கான்கிரீட் காலையிலிருந்து வெயிலைக் குடிக்கும். குடித்ததை எல்லாம் கட்டிலில் படுத்திருப்பவன் மேல் இறக்கும். மேற்கே ஜன்னல் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஏசி தன்னால் முடிந்ததைச் செய்யும். அதற்குள் இவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார்கள். பிறகு என்னைத் திட்டுவார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு என் வயிற்றெரிச்சலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். வாழ்க்கைப்பட்டது குற்றாலத்தில். கணவர் பேரருவிப் பக்கம் துண்டும் எண்ணெயும் விற்கும் கடை வைத்திருந்தார். மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகளை அக்கா கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மகள் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அக்காவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அங்கன மொட்டைமாடிக்குப் பூட்டு போட்டிருக்காவ பிரின்சு. சாவி வாட்ச்மேன்ட்ட இருக்காம். மொட்டைமாடிக்கு ஏற முடியாத வீட்டுல எனக்கு என்ன சோலி?"

அவருக்கு மொட்டைமாடிதான் உலகம். மோர் மிளகாய், கூழ் வத்தல், சுண்டைவத்தல் என்று பங்குனியிலிருந்து வைகாசி வரை அங்கே ஏதாவது காய்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் மாஜிதா கடைக்குப் போகும். மாஜிதா அக்கா பஸ் ஸ்டாண்ட் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறவர். சீசனுக்குக் குளிக்க வருகிற கூட்டம் ஊருக்குத் திரும்பும்போது சிப்ஸோடு சேர்த்து இந்த மோர் மிளகாயையும் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் சீசனுக்கு வேண்டியதை எல்லாம் சீசனுக்கு முன்னாலேயே காயவைத்தாக வேண்டும். சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் மிளகாய் என்ன, ஒரு பனியன்கூடக் காயாது.

வெயில் இருக்கும்போது வேறு தொல்லை. குரங்கு. அக்கா ஒரு தடவை தென்காசியில் பொம்மைக் கடையில் பெரிய பிளாஸ்டிக் புலி வாங்கி வந்து மாடிச் சுவரில் நிறுத்தினார். முதல் நாள் குரங்குகள் தூரத்திலிருந்து பார்த்தன. இரண்டாம் நாள் ஒரு குட்டி புலியின் முதுகில் ஏறி உட்கார்ந்து கூழ் வத்தல் தின்றது. மூன்றாம் நாள் புலிக்கு வால் இல்லை. அந்தப் புலி இப்போதும் கீழே துளசிச் செடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அக்கா அதன் கழுத்தில் துணிக் கிளிப் மாட்டி வைத்திருக்கிறார்.

இப்படி நடந்துகொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஆவுடைநாயகம் சார் வந்து இறங்கினார்.

சார் அக்காவின் கணவருக்கு அண்ணன். சென்னையில் பெரிய இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். குடும்பப் பாகப்பிரிவினையில் கீழ்வீடு தம்பிக்கும் மாடி இவருக்கும் வந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஆனி ஆடியில் வருவார், அருவியில் குளிப்பார், மாடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவார், போய்விடுவார். இந்தப் பங்குனிக் கடைசியில் பெட்டி படுக்கையோடு வந்தார். சென்னை சலித்துவிட்டதாம். இனி சாகும் வரை குற்றாலம்தானாம். அவருடைய மனைவி பேரன் பள்ளிக்கூடத்தைச் சாக்காகச் சொல்லிச் சென்னையிலேயே இருந்துகொண்டார். விவரமான பெண்மணி.

நான் வாய் தவறி "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதற்கு, "சார்னே கூப்பிடுங்க தம்பி" என்று திருத்தினவர் அவர்.

அவர் செய்த தப்பு ஒன்றுதான். நாற்பது வருஷமாக அவர் பார்த்த குற்றாலம் எல்லாம் சாரல் அடிக்கிற குற்றாலம். இந்த ஊருக்குச் சித்திரை மாதம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. தினமும் காலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பேரருவிக்கு நடப்பார். அங்கே வெறும் பாறை நிற்கும். அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுக் காய்ந்த துண்டோடு திரும்பி வருவார்.

அந்தக் கோபத்தை எங்கே இறக்குவது? வந்த வாரமே அக்காவைக் கூப்பிட்டார்.

"குழலு, நம்ம வீட்டுப் பொம்பளைங்க வத்தல் போட்டு விக்கிறது நல்லா இல்லம்மா. ரோட்டுல போறவன்லாம் மொட்டைமாடிய அண்ணாந்து பாக்கிறான். செலவுக்கு நான் தர்றேன். இனிமே இது வேண்டாம்."

"சரி அத்தான்," என்றார் அக்கா.

அன்றைக்கு அக்கா நேராகத் தன் கடைக்கு வந்து புலம்பியதை மாஜிதா அக்காதான் பிறகு எனக்குச் சொன்னார். கணவர் போன பிறகு யாரிடமும் கையேந்தாமல் நிமிர்ந்து நின்றது அந்த மாடியை வைத்துத்தான். சீசனுக்கு மாஜிதாவிடம் வாக்கும் கொடுத்தாகிவிட்டது. "தர்றேன் தர்றேன்னு சொல்லுதாரு. கை நீட்டுதது யாரு, நானா அவரா?" என்று கடையில் உட்கார்ந்து கேட்டாராம். கேட்டுவிட்டு ஒரு சிப்ஸ் எடுத்துத் தின்றாராம். திட்டம் ஒன்றும் அப்போது இல்லை.

வெயில் ஏற ஏற சாருக்கு மாடியில் இருப்புக்கொள்ளவில்லை. ஏசி வாங்கினார். நான்தான் மாட்டினேன். அறை முதல் மாடியில். வெளியே வைக்கிற மெஷினை, அதாவது அந்த அவுட்டோர் யூனிட்டை, மேலே மொட்டைமாடியில் வைத்தேன். ஒரு வாரத்தில் குரங்குகள் வந்து பைப்பைச் சுற்றியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சை எல்லாம் உரித்துத் தின்று பார்த்துத் துப்பிவிட்டன. சார் உடனே மெஷினைச் சுற்றி ஆளுயரத்துக்கு இரும்புக் கூண்டு அடித்து, குரங்குக் கை நுழையாதபடி வலை போட்டுப் பூட்டும் போட்டார். அவருக்கு மூட்டுவலி, மொட்டைமாடி ஏற மாட்டார். அதனால் சாவியை அக்காவிடம் கொடுத்தார்.

அந்தச் சாவியை அவர் கொடுத்திருக்கவே கூடாது.

அக்கா மறுநாள் துணி காயப்போட மேலே போனவர், கூண்டைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறார். மெஷினின் ஃபேன் முகத்தில் சூடாக ஊதியிருக்கிறது. சுற்றிலும் குரங்கு நுழையாத வலை. ரோட்டிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. புலியால் ஆகாதது ஏசியால் ஆயிற்று. அன்றைக்குத்தான் அக்காவுக்கு அந்த மெஷினைப் பிடித்துப்போனது.

தலைப்பைப் பார்த்ததும் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய மூன்று தடவை மாடி ஏற வேண்டியிருந்தது.

முதல் தடவை சார் போன் பண்ணினார். "தம்பி, புது ஏசி குளிரல. வெறும் காத்துதான் வருது." நான் வழக்கப்படி கிளம்பும்போது அக்காவுக்கு ஒரு போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னேன். கேட்டைத் திறக்க ஆள் வேண்டுமே. போய்ப் பார்த்தால் ஏசி பிரமாதமாகக் குளிர்கிறது. சார் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிந்தார். நான் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போடச் சொன்னேன். அக்கா டீ கொடுத்தார். அக்கா டீ என்றால் ஏலக்காய் தூக்கலாக இருக்கும்.

அடுத்த வாரம் மறுபடியும் போன். திரை போட்டாயிற்று, குளிரவில்லை. நான் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டுப் போனேன். போனால் குளிர்கிறது. கேஸ் பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருந்தது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கை அடைத்தேன். தளத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். சார் ஆள் வைத்து அடித்தார். அவருக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க வந்தா மட்டும் வேலை செய்யுதே, என்ன மாயம் தம்பி இது?"

"மெஷினுக்கு என்னய கண்டா பயம் சார்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்தில் டீ டம்ளரோடு நின்ற அக்கா சொன்னார்: "சில பிள்ளைய அப்படித்தான் அத்தான். வாத்தியாரு வந்தா எந்திரிச்சி நிக்கும்."

அன்று மதியம் சார் சாப்பிட உட்கார்ந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். தயிர்ச் சோற்றுக்கு அக்கா மோர் மிளகாய் வறுத்து வைத்தார். சார் ஒன்றைக் கடித்தார், இன்னொன்றை எடுத்தார், பிறகு தட்டையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எங்கேம்மா வாங்கின இதை?"

"மாஜிதா கடையில கிடைக்குது அத்தான்."

"இதுதாம்மா மோர் மிளகாய். கடையில இப்படிக் கிடைக்கும்போது நீ ஏன் மாடியில கிடந்து கஷ்டப்படணும்? உனக்கு இந்தப் பக்குவமெல்லாம் வராது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "சரி அத்தான்," என்றார். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், அழுகிறார் என்று நினைத்து எனக்குச் சார் மேல் கோபம் வந்தது. என் புத்தி அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை சார் கூப்பிட்டபோது நான் பக்கத்து லாட்ஜிலேயே வேலையாக இருந்தேன். அக்காவுக்குப் போன் போடவில்லை. நேராகப் போய், சாருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். அறையில் சார் பனியனோடு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே கூண்டின் பூட்டு திறந்து கிடந்தது, உள்ளே பார்த்தேன்.

மெஷினின் ஃபேனுக்கு முன்னால் மூன்று சொளவு, ஒன்றின்மேல் ஒன்றாக, செங்கல் முட்டுக் கொடுத்து அடுக்கியிருந்தது. மூன்றிலும் மோர் மிளகாய். ஃபேன் தள்ளுகிற சூட்டுக் காற்று சொளவில் மோதித் திரும்பி மெஷினுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. தன் மூச்சையே தான் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு மெஷின் திணறியது. சார் ஏசி போடப் போட மிளகாய் காய்ந்தது. மிளகாய் வைக்க வைக்க சாருக்கு வேர்த்தது. நான் போன் போட்ட நாளெல்லாம் சொளவு கீழே இறங்கியிருக்கிறது.

மெஷினின் அலுமினியத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். உப்பு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மெஷின் குளிராதது என் பிழைப்பு. மெஷினில் உப்பு படிவது என் சாவு. திரும்பினால் அக்கா வாளியோடு நிற்கிறார். வாளியில் மேலே ஈரப் புடவை. புடவைக்கு அடியில் பச்சை மிளகாய்.

"அக்கா, என்னக்கா இது?"

"துணி காயப்போட வந்தேன்."

"சொளவுல என்ன இருக்கு?"

அவர் மலையைப் பார்த்தார். "மேக்க கருக்குதோ பிரின்சு? இந்த வருசம் சாரல் சீக்கிரம் வந்துரும் போல."

"அக்கா, கீழ அந்த மனுசன் வெந்துக்கிட்டு இருக்காரு. நான் என்ன சொல்ல அவருட்ட?"

"உள்ளதச் சொல்லு. பொய் சொல்லாத. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற புள்ள." வாளியைக் கீழே வைத்தார். குரல் மாறியது. "மாஜிதாவுக்கு வாக்குக் குடுத்துருக்கேன் பிரின்சு. இந்த ஒரு சீசன் நான் குடுக்காம விட்டா அவ வேற ஆளப் பாப்பா. அதுக்குப் பொறவு மாசா மாசம் இவருட்ட போயி நிக்கணும். நான் நிக்க மாட்டேன்."

இதைக் கேட்டபிறகு எப்படிக் காட்டிக்கொடுப்பது? பொய்யும் சொல்லக் கூடாது. நான் படி இறங்குகிற நேரத்துக்குள் ஒரு பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துச் சாரிடம் சொன்னேன்: "சார், மெஷின்ல ஒரு குறையும் இல்ல. கூண்டுக்குள்ள காத்து வெளிய போக வழியில்லாம அடைச்சிக்கிடுது. அதான்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சார் இன்ஜினியர் அல்லவா. ஒரு நொடி யோசித்தார். "அப்போ கூண்டைக் கழட்டிடுங்க."

கழற்றினேன். அந்த வீட்டில் டீ குடிக்காமல் நான் படியிறங்கிய ஒரே நாள் அதுதான்.

ஏசி ஜிலுஜிலுவென்று குளிர்ந்தது. சார் போன் பண்ணித் தோஹா டிரெயினிங் என்றால் சும்மாவா என்று பாராட்டினார். அக்கா பாதி காய்ந்த மிளகாயை எல்லாம் கீழ்வீட்டு அடுக்களையில் பரப்பி, ஃபேனைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மோர் மிளகாய்க்கு ஃபேன் காற்றெல்லாம் எந்த மூலைக்கு? பூஞ்சை பிடித்து ஒரு ஈடு முழுக்கக் குப்பைக்குப் போனது. மாஜிதா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு மனசு கேட்கவில்லை. என் வாய்ச் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே எரிச்சலாக இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். "நல்லா இருக்கேன் பிரின்சு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

குரங்குகள்தான் எனக்குக் கைகொடுத்தன.

இரண்டு நாள் கழித்துச் சாரிடமிருந்து போன். நாற்பது வருஷச் சென்னைத் தமிழ் எங்கேயோ போய்விட்டது. "ஏலே பிரின்சு, சீக்கிரம் வாலே, இங்கன குரங்கு எல்லாத்தயும் கொண்டுட்டுப் போகுதுலே."

போய்ப் பார்த்தேன். கூண்டு இல்லாத மெஷினின் வயரைக் குரங்குகள் பிடுங்கிவிட்டன. ஏசி நின்றிருக்கிறது. புழுக்கம் தாங்காமல் சார் ஜன்னலைத் திறந்திருக்கிறார். ஒரு கடுவன் குரங்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, கட்டிலில் இருந்த ஏசி ரிமோட்டை எடுத்துக்கொண்டு எதிரே இருக்கும் பலா மரத்தில் ஏறிவிட்டது. கிளையில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. சார் பால்கனியில் நின்று அதனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

அக்கா அவசரமே படாமல் கையில் ஒரு வாழைப்பழத்தோடு வந்தார். பழத்தைக் காட்டினார். கடுவன் பழத்தைப் பார்த்தது, ரிமோட்டைப் பார்த்தது. ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்து பழத்தை வாங்கிக்கொண்டு போனது. அவர்களுக்குள் பழைய பழக்கம் போலிருந்தது. ரிமோட்டில் பல் தடம் பதிந்திருந்தது.

"கூண்டு இருந்தா குளிராது அத்தான். கூண்டு இல்லாட்டா இந்தப் பயக்க வருவானுவ," என்றார் அக்கா. "எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

சார் நாற்காலியில் சரிந்தார். "கூண்ட மாட்டிருப்பா. நான் சென்னைக்குப் போறேன். தண்ணி விழுந்ததும் வர்றேன்."

மறுநாள் நான் மேலே வயரைச் சரிசெய்து கூண்டை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஏசி ஓட ஆரம்பித்திருந்தது. அக்கா கொஞ்சமும் நேரம் கடத்தாமல் சொளவைக் கொண்டுவந்து அடுக்கினார். சார் ஊருக்கு எடுத்துப்போக மோர் மிளகாய் வாங்க மாஜிதா கடைக்குப் போயிருந்தார். வர நேரமாகும் என்று இருவரும் நினைத்தோம். படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு "அப்பாடா." மூட்டுவலிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கே ஏறி வந்து நின்றார். கையில் இரண்டு பாக்கெட்.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். சொளவை ஒளித்து வைக்க இடமில்லை.

"இதுல உன் பேரு போட்டிருக்கு குழலு," என்றார்.

மாஜிதா அக்கா பாக்கெட்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்: குழல்வாய்மொழி மோர் மிளகாய். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"ஆமா அத்தான்."

"விக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன்ல?"

"நான் விக்கலியே. மாஜிதாதான விக்கா."

சார் சொளவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். கையை நீட்டி ஃபேன் காற்றில் வைத்தார். சூட்டைப் பார்த்தார், சொளவில் காற்று மோதித் திரும்புவதைப் பார்த்தார். இன்ஜினியருக்கு மீதியை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப இத்தன நாளா எனக்கு வேர்த்தது?"

"மிளகா காஞ்சிது அத்தான்," என்றார் அக்கா. முகத்தில் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் புடவை முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையை நான் பார்த்தேன். சாரும் பார்த்தார்.

அவர் குனிந்து சொளவிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து, வறுக்காததை அப்படியே கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மென்று விழுங்கினார். பிறகு அவர் பேசியதில் சென்னை இல்லை.

"இன்னும் ரெண்டு நாள் காயணும். நடுச்சொளவு சரியாக் காயல. காத்து படல." என் பக்கம் திரும்பினார். "ஏலே, கூண்ட இன்னும் ஒரு ஆள் நீளத்துக்கு இழுத்து அடிச்சா என்ன? மெஷினும் மூச்சு விடலாம், இவளுக்கும் இடம் கிடைக்கும்."

"தாராளமா அடிக்கலாம் சார்."

"சார் என்னலே சார். அண்ணாச்சின்னு கூப்பிடு."

படி இறங்கும்போது அவருக்கு அக்காதான் கை கொடுத்தார். அண்ணாச்சி இரண்டு பாக்கெட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

வைகாசிக் கடைசியில் சாரல் வந்தது. அருவியில் தண்ணீர் விழுந்தது. கடைகள் திறந்தன. ஆனி பாதியில் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன். "பிரின்சு, ஏசி சரியில்ல. கொஞ்சம் வந்து பாரு."

நான் வண்டியில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நனைந்துகொண்டே போனேன். இந்தக் குளிரில் யாருக்கு ஏசி? மாடி அறையில் ஆளே இல்லை. கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. ஏசி பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நின்றால் பல் தந்தியடித்தது.

"நல்லாத்தான குளிருது அக்கா?"

"குளிரு கெடக்கட்டும். மேல வந்து பாரு."

நீளமாக அடித்த கூண்டு. மேலே தார்ப்பாய். உள்ளே வரிசையாகச் சொளவு. சுற்றிலும் ஊர் முழுக்க நனைந்து கிடக்க, சாரலில் ஒரு மிளகாயும் காயாத குற்றாலத்தில், அக்காவின் மிளகாய் மட்டும் பாதி காய்ந்திருந்தது. அவர் ஃபேன் முன்னால் கையை வைத்துக் காட்டினார்.

"சூடு பத்தலலே. ஊதுது, நிக்குது. ஊதுது, நிக்குது."

பத்துப் பதினைந்து வருஷத் தொழிலில், வெளியே சூடு போதவில்லை என்று என்னிடம் ஏசியைப் பற்றிப் புகார் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அறை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் கம்ப்ரசர் நின்றுவிடுகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கையிலிருந்த போனிலிருந்து ஒரு குரல் வந்தது. வீடியோ காலில் அண்ணாச்சி சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் ரெண்டயும் தொறந்து வைக்கச் சொல்லு. ரூம் குளிரக் கூடாது. குளிர்ந்தா மெஷின் நின்னுரும். நான் நேத்தே சொன்னேன், இவ கேக்க மாட்டேங்கா."

"சாரல் உள்ள அடிக்கும் அத்தான், உங்க கட்டிலு நனையும்."

"கட்டிலத் தள்ளிப் போடு." பிறகு தயக்கமாக ஒரு கேள்வி வந்தது. "குழலு, அருவியில தண்ணி நல்லா விழுதாமே. ஆடிக்கு வரட்டுமா?"

அக்கா கூண்டுக்குள் குனிந்து, நடுச்சொளவிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து ஒடித்துப் பார்த்தார். அது ஒடியவில்லை, வளைந்தது.

"இன்னும் ரெண்டு ஈடு இருக்கு அத்தான். காஞ்சதும் சொல்லுதேன்."

"சரி," என்றார் அண்ணாச்சி.

நான் கீழே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன்.